.32 பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 51. புரசைவாக்கத்தில் அப்பா காலத்திலிருந்து நகைக்கடை நடத்துகிறோம். வீடு அண்ணா நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மனைவி, கல்லூரி படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், அம்மா எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். போன வருடம் லைசென்ஸ் கிடைத்து .32 பிஸ்டல் வாங்கினேன். கூடவே ஆர்டனன்ஸ் ஃபேக்டரி தோட்டா ஒரு பெட்டி கொடுத்தார்கள். டல்லாஸில் இருக்கும் என் மைத்துனர், ".32 எல்லாம் ஒரு துப்பாக்கியா? 9 எம்எம்மில் ஹாலோ பாயிண்ட் போட்டால்தான் எதிராளி நிற்பான்" என்கிறார். தற்காப்புக்கு எந்தத் தோட்டாவை நம்புவது? சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமா? எச்சரிக்கைக்காக முதல் ரவுண்டை மட்டும் வெற்றுத் தோட்டாவாகப் போடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், சரியா? அப்பா இறந்தபோது அவருடைய ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். ஆனால் அதன் தோட்டாக்கள் கொஞ்சம் பீரோவில் தகர டப்பாவில் கிடந்தன. அதுவும் .32 தான். பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

பதில்:

வணக்கம் ஐயா.

கடைசியாக, போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்தத் தகர டப்பா விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, இது தள்ளிப் போகக் கூடாது.

உங்கள் லைசென்ஸ் உங்கள் பிஸ்டலுக்கும் அதற்கு உரிய தோட்டாவுக்கும் மட்டும்தான். ஒரு நேரத்தில் கையில் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் எத்தனை வாங்கலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். அப்பாவின் தோட்டாக்கள் அவர் லைசென்ஸில் வாங்கியவை. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைப் போலவே தோட்டாவையும் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் இல்லாத தோட்டாவைக் கையில் வைத்திருப்பது தனிக் குற்றம். நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு ஏதாவது அசம்பாவிதம் நடந்து போலீஸ் வீட்டைச் சோதனை போட்டால், அந்த டப்பாவுக்கு என்ன கதை சொன்னாலும் எடுபடாது. ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, அப்பாவின் பழைய லைசென்ஸ் நகல், இறப்புச் சான்று, தோட்டாக்களின் எண்ணிக்கை, அவை எப்போது எப்படிக் கண்ணில் பட்டன என்ற விவரம் எல்லாவற்றையும் வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு ஒப்படையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தோட்டா உங்கள் பிஸ்டலுக்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டையும் .32 என்றுதான் கடையில் சொல்வார்கள். அப்பாவுடைய ரிவால்வருக்கு வருவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். 1896இல் வந்தது. நீளமான கூடு, அடியில் அகலமான விளிம்பு, முனையில் பெரும்பாலும் வெறும் ஈயக் குண்டு. உங்களுடையது .32 ஏசிபி. 7.65 எம்எம் என்றும் எழுதியிருப்பார்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899இல் பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனி பிஸ்டலோடு வந்தது. ரிவால்வர் தோட்டா உங்கள் மேகசினுக்குள், அதாவது பிஸ்டலின் பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டிக்குள், போகாது. அபாயம் தலைகீழாகத்தான் வரும். பிஸ்டல் தோட்டாவைச் சில .32 ரிவால்வர்களின் உருளைக்குள் நுழைத்துவிட முடியும். நுழைகிறதே என்று சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த ரிவால்வருக்கு உரிய தோட்டா அல்ல. உங்கள் உறவிலோ நட்பிலோ ரிவால்வர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் மைத்துனர் சொன்னதற்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் அது சரி. அங்கே கடை அலமாரியில் நூறு வகை தோட்டா இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர்கள் பிரச்சினை. நம் ஊரில் 9 எம்எம் தடை செய்யப்பட்ட போர் (bore), அதாவது தடை செய்யப்பட்ட குழாய் அளவு. சாதாரணக் குடிமகனுக்கு லைசென்ஸில் வராது. வெளிநாட்டுத் துப்பாக்கிகள் தாராளமாக உள்ளே வருவதும் 1980களின் நடுவில் நின்றுபோனது. அதனால்தான் இங்கே கைத்துப்பாக்கி என்றாலே .32தான் நினைவுக்கு வருகிறது. அதிலும் கடையில் எப்போதும் கிடைப்பது நம் ஆர்டனன்ஸ் தொழிற்சாலைத் தோட்டாதான். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கேஎஃப் என்று முத்திரை இருந்தால் புனே பக்கம் கட்கியில் செய்தது. ஓஎஃப்வி என்றால் மகாராஷ்டிரத்திலேயே வரங்காவ். கூடவே ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஹாலோ பாயிண்ட் என்பது முனையில் குழி உள்ள குண்டு. உடம்புக்குள் போனதும் அந்தக் குழி விரிந்து குண்டு அகலமாகும். காயம் பெரிதாகும், வேகம் குறையும், மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே போவது குறையும். அமெரிக்கப் போலீஸ் இதைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். உலகம் முழுக்கத் தடை என்று நம் ஊரில் சிலர் சொல்வது 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனத்தை வைத்து. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் பிரிட்டிஷார் செய்த விரியும் குண்டுகளை ஒட்டி எழுந்த எதிர்ப்பில் வந்தது அது. ஆனால் அது நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டும். போலீஸையும் பொதுமக்களையும் அது கட்டுப்படுத்தாது.

தற்காப்புத் தோட்டாவைப் பற்றி இன்றைக்கு உலகம் பேசும் பேச்செல்லாம் பெரும்பாலும் ஒரு சம்பவத்திலிருந்து கிளம்பியது. 1986 ஏப்ரல் 11ஆம் தேதி மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எஃப்பிஐ ஆட்கள் மடக்கினார்கள். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவன் மேல் தொடக்கத்திலேயே ஒரு 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் பாய்ந்தது. கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான், ஆனாலும் அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகுதான் எஃப்பிஐ உடல் தசைக்குப் பதிலாக 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் முறையைக் கறாராக வகுத்தது. குண்டு குறைந்தது 12 அங்குலம் உள்ளே போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வெறும் கட்டியில் மட்டுமில்லாமல், தடித்த துணி, பலகை, கார் கண்ணாடி போன்றவற்றுக்குப் பின்னால் வைத்தும் சோதிப்பார்கள். 12 அங்குலம் எதற்கு என்றால், எதிராளி நமக்கு நேராக மார்பைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டான். கை குறுக்கே இருக்கும், பக்கவாட்டில் திரும்பியிருப்பான். இதையெல்லாம் கடந்து குண்டு உள்ளே போக வேண்டும்.

இந்த அளவுகோலை உங்கள் .32க்கு வைத்துப் பாருங்கள். ஏசிபி குண்டு 71 கிரெய்ன், அதாவது 4.6 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 270 மீட்டர் வேகம். குழாயின் முனையை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 170 ஜூல் வாக்கில். 9 எம்எம்முக்கு அது 450, 500 ஜூல். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இந்தக் கொஞ்ச ஆற்றலைக் குண்டு விரிவதற்குச் செலவழித்துவிட்டால் உள்ளே போவதற்கு மிச்சம் இருக்காது. .32 ஹாலோ பாயிண்டுகளில் பல, விரிந்தால் 12 அங்குலத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். விரியாவிட்டால் சாதாரணக் குண்டு போலத்தான் போகும். குட்டைக் குழாயில் வேகம் இன்னும் குறைவதால் எப்போது விரியும், எப்போது விரியாது என்று நம்பவும் முடியாது. செம்பு உறை முழுக்க மூடிய உருண்டை முனைக் குண்டு, அதாவது கடையில் உங்களுக்குக் கொடுத்த அதே சாதாரணத் தோட்டா, போதிய ஆழம் போகும். 9 எம்எம்மில் ஹாலோ பாயிண்டுக்குச் சொல்லும் நியாயம் .32இல் அப்படியே பொருந்தாது என்பதுதான் இதன் சாரம். மைத்துனரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், துப்பாக்கி தெரிந்தவர் என்றால் ஒத்துக்கொள்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. என் கண்ணில் அதுதான் பெரிய காரணம். ஒரு .32 ஏசிபி தோட்டாவை விரலில் எடுத்து அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கூட்டைவிட விளிம்பு ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினுக்குள் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். முறையான நீளமுள்ள தோட்டா என்றால் உள்ளே முன்னும் பின்னும் நகர இடம் இருக்காது, அடுக்கியபடியே இருக்கும். ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களில் பல முனை வெட்டுப்பட்டதால் கொஞ்சம் குட்டை. துப்பாக்கி சுடும் அதிர்ச்சியில் அவை மேகசினுக்குள் நகர்ந்து, மேல் விளிம்பு கீழ் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். ரிம்லாக் என்பார்கள். ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுத்து விட்டுச் சரிசெய்யும் சாதாரண அடைப்பு அல்ல இது. மேகசினைக் கழற்றி, தோட்டாவை நெம்பி எடுக்க வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு உங்கள் வாசலில் அதற்கு நேரம் இருக்காது.

அதனால் என் பதில் நேரடியானது. உங்கள் பிஸ்டலுக்கு, புதிதாகச் செய்த, ஒரே லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியைச் சேர்ந்த, உறை மூடிய ஆர்டனன்ஸ் தோட்டாவையே வையுங்கள். யாராவது பழைய இறக்குமதிச் சரக்கு என்று சொல்லி ஹாலோ பாயிண்டை அதிக விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். எந்த வருடத்துச் சரக்கு, எந்தக் கொட்டகையில் எத்தனை கோடை கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் தோட்டா தேர்வு கடையில் முடிந்துவிடாது. அது உங்கள் துப்பாக்கியில், உங்கள் கையில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் முடியும். லைசென்ஸ் வாங்கி வருடக்கணக்கில் ஒரு ரவுண்டு கூடச் சுடாமல் லாக்கரில் வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சீருடைப் பணியில் ஆயுதங்களைப் பழுது பார்த்தவன் நான். இப்போது லைசென்ஸ்தாரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதலில் மேகசினைத்தான் கேட்பேன். இரண்டு மேகசின் இருந்தால் அடியில் ஒன்று, இரண்டு என்று பெயிண்டால் எழுதச் சொல்வேன். எப்போது அடைத்தாலும் எந்த மேகசினில் அடைத்தது என்று தெரிய வேண்டும். பாதிக்கு மேல் கோளாறுகள் துப்பாக்கியில் இருக்காது, மேகசினின் உதடு, அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் ஓரம், வளைந்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

நீங்கள் வைத்திருக்கும் அதே பெட்டியிலிருந்து, இரண்டு மேகசினிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். மேகசின் முழுக்க நிரப்பியும், இரண்டே இரண்டு போட்டும் பாருங்கள். இரண்டு கையால், பிறகு வலது கையால் மட்டும், பிறகு இடது கையால் மட்டும். இடது கையில் பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலிக் கூடு வெளியேறும் திறப்பில் மாட்டிக்கொள்ளும், அதைப் பயிற்சியில் பார்த்துவிடுவது நல்லது. ஒரு தோட்டா "டிக்" என்ற சத்தத்தோடு வெடிக்காமல் நின்றால், ரேஞ்சில் குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திருந்து பிறகு வெளியே எடுங்கள். சத்தம் மந்தமாக "டப்" என்று வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். பயிற்சியாளர் பார்த்து, குழாய் காலி என்று சொல்லும்வரை தொடக் கூடாது.

வருடத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு இருக்கும்போது பயிற்சிக்கு எப்படிச் செலவழிப்பது என்று கேட்பீர்கள். பீரோவில் ஒரு பெட்டி சும்மா கிடப்பதைவிட அதைச் சுட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது உங்களுக்குத்தான் லாபம். பழசு செலவாகும், புதுச் சரக்கு வரும், கையும் பழகும். எந்தத் தேதியில் எங்கே எத்தனை சுட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், காலிக் கூடுகளை எண்ணிப் பத்திரப்படுத்துங்கள். யாராவது கணக்குக் கேட்டால் எடுத்துக் காட்டிவிடலாம்.

சென்னையில் தோட்டாவுக்கு எதிரி ஈரக்காற்றுதான். தோலில் செய்த பெல்ட் வளையத்தில் தோட்டாவைச் செருகி வைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தோலைப் பதப்படுத்தும் சரக்கும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சையாகப் பூத்துவிடும். நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வரும். அப்படிப் பூத்த தோட்டா சேம்பரில், அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் அறையில், இறுகும். சுத்தம் செய்து பயன்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். தோட்டா அது வந்த அட்டைப்பெட்டியிலேயே, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, இரும்பு லாக்கரில் இருக்கட்டும். எண்ணெய் படக் கூடாது. துருவை இளக்கும் ஸ்பிரே எண்ணெய் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரின் ஓரமாக உள்ளே கசிந்து வெடிமருந்தைக் கெடுத்துவிடும். அதனால் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட கையைத் துடைத்துவிட்டுத் தோட்டாவைத் தொடுங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியிலோ நிறுத்திய காரிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2015 டிசம்பர் மாதிரியோ, 2023இல் மிக்ஜாம் வந்தபோது மாதிரியோ தண்ணீர் ஏறி லாக்கர் நனைந்தால், தோட்டாவை வெயிலில் காயவைத்து மறுபடி எடுத்து வைக்காதீர்கள். ஆயுதக் கடையில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று. காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஸ்லைடை இழுத்து ஒரு ரவுண்டை ஏற்றுவது, இரவு வந்ததும் அதை வெளியே எடுத்து மறுபடி மேகசினின் மேலேயே வைப்பது. தினமும் அதே தோட்டாதான் ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் அதன் முனை சேம்பருக்கு முன்னால் இருக்கும் சரிவில் இடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். சமமான மேசைமேல் அந்தத் தோட்டாவையும் பெட்டியிலிருந்து எடுத்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உள்ளே இடம் குறைவதால் வெடிக்கும்போது அழுத்தம் ஏகமாக ஏறும். அப்படி ஒன்று இருந்தால் உடனே ஒதுக்குங்கள். பொதுவாகவே, சேம்பரில் ரவுண்டு ஏற்றிய நிலையில் வைத்திருப்பதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பழைய வடிவப் பிஸ்டல்கள் பலவற்றில் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. வீட்டில் எட்டாவது படிக்கும் பையன் இருக்கிறான். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். இரண்டு சாவியும் உங்களிடம் மட்டும். மகனிடமும் மகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். தெரியாமல் வைப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளைகளுக்குப் பீரோவின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும்.

சுவர் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர்ச் செங்கல் சுவர், நாலரை இன்ச் தடுப்புச் சுவராக இருந்தாலும், .32 குண்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். அமெரிக்காவில் சுவரைத் துளைக்கும் என்று பயப்படுவது அங்கே வீட்டுக்குள் ஜிப்சம் பலகைச் சுவர் என்பதால். உங்கள் வீட்டிலும் பால்ஸ் சீலிங், ஜிப்சம் தடுப்பு, கண்ணாடி, பிளைவுட் கதவு இருக்கும் இடமெல்லாம் அதே கதைதான், எதுவும் தாங்காது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அடுக்குமாடியில் உங்கள் வாசல் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு வீட்டு வாசல் கதவு இருக்கும். நடுவில் லிஃப்ட் முன்னால் நாலு அடி இடம். ஹாலில் நின்று வாசலை நோக்கிச் சுட்டால் அது எதிர்வீட்டுக் கதவை நோக்கிச் சுடுவதுதான். குண்டு ஆளைத் துளைத்துப் போகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆள்மேல் படவே படாத குண்டு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. பதற்றத்தில் சுடும்போது தவறுகிற குண்டுதான் அதிகம். ஹாலோ பாயிண்ட் வாங்கினாலும் தவறிய குண்டு தவறிய குண்டுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கியை எடுக்காமல், வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே நின்றால் பின்னால் கனமான வெளிச்சுவர் இருக்கிறது, எங்கே நின்றால் பின்னால் அம்மாவின் கட்டில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். எந்தத் திசையில் ஒருபோதும் சுடக் கூடாது என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடையில் இன்னும் கவனம் தேவை. கிரானைட் தரை, இரும்பு ஷட்டர், தடித்த கண்ணாடி ஷோகேஸ். சாய்வாகப் பட்ட குண்டு தரையை ஒட்டி வழுக்கிக்கொண்டே போய் எங்கேயாவது தைக்கும்.

முதல் ரவுண்டு வெற்றுத் தோட்டா என்று உங்கள் நண்பர் சொன்ன யோசனை வேண்டவே வேண்டாம். பிஸ்டலில் ஸ்லைடைப் பின்னால் தள்ளுவது குண்டு வெளியேறும்போது எழும் எதிர்விசைதான். வெற்றுத் தோட்டாவில் குண்டே இல்லை. சத்தம் வரும், ஸ்லைடு பின்னால் போகாது, இரண்டாவது ரவுண்டு ஏறாது. எதிராளிக்கு உங்களிடம் துப்பாக்கி இருப்பது தெரிந்துவிடும், உங்கள் கையில் இருப்பதோ அந்த நொடியில் சுடாத இரும்பு. வானத்தை நோக்கி எச்சரிக்கையாகச் சுடுவதும் கூடாது. புரசைவாக்கத்தில் மேலே போன குண்டு புரசைவாக்கத்திலேயோ பக்கத்திலேயோ யார் மொட்டை மாடியிலாவதுதான் இறங்கும். எச்சரிக்கை செய்ய வாய் இருக்கிறது. உரக்கக் கத்துங்கள், நாலு வீட்டுக்கும் கேட்கட்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரமாக உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்கும்போது எதுவரை போகலாம் என்று 38ஆவது பிரிவும், கொள்ளை, இருட்டிய பிறகு வீடு புகுதல் போன்றவற்றில் எதுவரை என்று 41ஆவது பிரிவும் சொல்கின்றன. ஆனால் 37ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் எந்தத் தோட்டாவும் உங்களைக் காப்பாற்றாது. சம்பந்தமில்லாத ஒருவருக்கு ஆபத்து வரலாம் என்ற நிலையில் என்ன என்பதை 44ஆவது பிரிவு பேசுகிறது. உயிர் போகும் என்ற அச்சத்தில், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் அந்த ஆபத்தை ஏற்க அது இடம் தருகிறது. எதிர்வீட்டுக் கதவைப் பற்றி நான் அவ்வளவு சொன்னது, அந்த நிலைமைக்கு நீங்கள் போய் நிற்கவே கூடாது என்பதற்காக.

ஒன்று சொன்னால் தவறாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதம் முழுக்க வீட்டையும் கடையையும் பற்றி இருக்கிறது, ஆனால் பிஸ்டல் வாங்கத் தூண்டியது இரவில் பணத்தோடு வீடு திரும்பும் அந்த அரைமணி நேரம்தான் என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து பைக்கில் வந்து தட்டுகிறவனிடம் இடுப்பிலிருக்கும் பிஸ்டல் எடுபடுவது அபூர்வம். வசூலை அன்றன்றே வங்கியில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள், நகையைக் கடை லாக்கரிலேயே விடுங்கள், கிளம்பும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள், தனியாகப் போகாதீர்கள். அப்படியும் பிஸ்டலை எடுத்துச் செல்வதானால் உறையில், வெளியே தெரியாமல், லைசென்ஸ் புத்தகத்தோடு. பொது இடத்தில் வெளியே எடுத்துக் காட்டுவதே விதி மீறல். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது தோட்டாக்களையும் எண்ணி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஈரம், துரு, பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் மேகசினில் ஏற்றாதீர்கள்.

இந்த வாரம் டப்பா வேலையை முடியுங்கள். அது முடிந்ததும், இரண்டு மேகசின், தோட்டாப் பெட்டி, லைசென்ஸ் புத்தகம், நோட்டு, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இவற்றோடு அனுமதி பெற்ற ஒரு ரேஞ்சில் பயிற்சியாளரைப் பாருங்கள். பெட்டியின் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே லாட்டில் கடையில் இன்னும் சரக்கு இருக்கிறதா என்று போவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். சுட்டுப் பார்த்து அடைப்பில்லாமல் ஓடினால், லைசென்ஸில் இடம் இருக்கும்வரை அதிலேயே வாங்கிக்கொள்ளலாம்.